நீள் ஆர்என்ஏ ரத்தச் சோதனை: சினைப்பைப் புற்றுநோய்க்கு எடுக்கலாமா?

மேலூர் மைந்தன் | 3 மே, காலை 9.12

அம்மாவுக்கு 58 வயது. போன வருடம் சினைப்பையில் கட்டி என்று ஆபரேஷன் செய்து, கீமோவும் முடிந்துவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறார், கட்டியைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவு இருபதுக்குள் நிற்கிறது. போன வாரம் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்து, லாங் நான்கோடிங் ஆர்என்ஏ என்று புதிதாக ஒரு ரத்தச் சோதனை வந்திருக்கிறது, கட்டி திரும்புவதை ஸ்கேனுக்கு ஒரு வருடம் முன்பே சொல்லிவிடும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார். பதினான்காயிரம் ரூபாய். தங்கைக்கும் சேர்த்து எடுத்தால் தள்ளுபடியாம். ஹோட்டேர், மாலாட்1, எச்19 என்று மூன்று பெயர் போட்டிருக்கிறது. இதில் உண்மை எவ்வளவு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை | 3 மே, இரவு 10.40

எடுக்க வேண்டாம் தம்பி. நோட்டீஸில் உள்ள மூன்று பெயர்களும் நிஜம். அந்த ஒரு வருடக் கணக்குதான் கதை. மாதிரி ரிப்போர்ட் ஒன்று கேட்டு வாங்குங்கள், பெயர் ஊரை மறைத்து இங்கே போடுங்கள். மீதி நாளைக்கு, இன்று டூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன்.

வைகைக்கரை | 4 மே, மாலை 6.05

முதலில் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன். நம் டிஎன்ஏவில் புரதம் செய்வதற்கான பகுதி 2 சதவீதத்துக்கும் கீழே. மீதியில் பெரும்பாலானது ஏதோ ஒரு செல்லில், ஏதோ ஒரு சமயத்தில் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. அப்படிப் படியெடுத்ததில் 200 எழுத்துக்கு மேல் நீண்டு, புரதமாக மாறாமல் ஆர்என்ஏவாகவே வேலை பார்ப்பவைதான் இவை. லேபில் லிங்க் ஆர்என்ஏ என்போம். 200 என்ற எல்லைக்குப் பெரிய உயிரியல் காரணம் ஒன்றும் இல்லை. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் முறைகளில் சின்னத் துண்டுகள் கழிந்துபோகும் இடத்தில் கோடு போட்டார்கள், அது அப்படியே நிலைத்துவிட்டது.

வேலை பார்ப்பவை என்றேன். எல்லாமே பார்க்கின்றனவா என்பதுதான் சண்டை. சிலவற்றில் சந்தேகமே இல்லை. பெண் உடம்பின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு இருக்கும், அதில் ஒன்றை மூடிவைத்தாக வேண்டும். மூடிவைப்பது எக்சிஸ்ட் என்ற சுமார் 17,000 எழுத்து நீள ஆர்என்ஏ. 1991இல் கண்டுபிடித்தது. குரோமோசோம் முழுக்கப் படர்ந்து அதை வாயடைக்கிறது. இன்னும் பல ஆயிரம் நீள் ஆர்என்ஏக்கள் பட்டியலில் இருக்கின்றன. வேலை நிரூபிக்கப்பட்டவை அதில் சிறு பகுதிதான்.

இனி புற்றுநோய்க்கு வருவோம். கட்டியில் ஒரு ஆர்என்ஏ பத்து மடங்கு ஏறியிருக்கிறது என்றால், அது கட்டியை வளர்த்ததா, கட்டி வளர்ந்ததால் இது ஏறியதா? சித்திரைத் திருவிழா வருகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று ஜிகர்தண்டா விற்பனை எகிறும். அதற்காக அழகரை ஜிகர்தண்டாதான் வரவழைத்தது என்று யாரும் எழுத மாட்டார்கள். லிங்க் ஆர்என்ஏ கட்டுரைகளில் எழுதுகிறார்கள்.

வைகைக்கரை | 5 மே, இரவு 9.30

‘அப்படியென்றால் எல்லாமே சும்மாவா’ என்று சோழவந்தான்காரர் கேட்டிருக்கிறார். சும்மா இல்லை. நான் நம்புகிற இரண்டைச் சொல்கிறேன்.

ஹோட்டேர். 2007இல் ரின், சாங் குழுவினர் கண்டது. 12ஆம் குரோமோசோமில் பிறந்து, 2ஆம் குரோமோசோமில் உள்ள, கருவில் உடல் அமைப்பை வகுக்கும் ஹாக்ஸ் டி மரபணுக்களை அடக்குகிறது. தானாக அடக்குவதில்லை, பிஆர்சி2 என்ற புரதக் கூட்டத்தோடு சேர்ந்து செய்கிறது என்றார்கள். 2010இல் மார்பகப் புற்றுநோயில் இது ஏறினால் நோய் பரவுகிறது என்று வந்ததும் உலகமே இதைத் துரத்தியது. சினைப்பைப் புற்றுநோயிலும் ஹோட்டேர் அதிகமுள்ள கட்டிகளுக்குப் பிளாட்டினம் வகைக் கீமோ மருந்து சரியாகக் கேட்பதில்லை என்று காட்டினார்கள். காரணமும் ஓரளவு தெரியும். மருந்து டிஎன்ஏவை உடைக்கிறது. உடனே என்எஃப் கப்பா பி என்ற சமிக்ஞை எழுகிறது. அது ஹோட்டேரை ஏற்றுகிறது. ஹோட்டேர் அந்தச் சமிக்ஞையை அணைக்கும் புரதத்தைக் குறைக்கிறது. அணைக்க ஆளில்லாததால் சமிக்ஞை எரிந்துகொண்டே இருக்கிறது, செல் சாகாமல் தப்பிக்கிறது. 2016இல் வந்த வேலை இது. வட்டம் முழுதாக மூடுவதால் எனக்குப் பிடிக்கும்.

இரண்டாவது ஃபால்1. 2014இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செய்தார்கள். இவர்கள் ‘எது ஏறியிருக்கிறது’ என்று தொடங்கவில்லை. டிஎன்ஏவிலேயே எந்த இடம் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது என்று பார்த்தார்கள். 1ஆம் குரோமோசோமில் அப்படிப் பெருகிய இடத்தில் ஃபால்1 இருந்தது. பிஎம்ஐ1 என்ற புரதத்தைச் சிதையாமல் பிடித்துவைக்கிறது, அதன் வழியாக, செல் பெருகாமல் தடுக்கும் பி21 என்ற பிரேக்கை எடுத்துவிடுகிறது. எலியில் வளர்த்த கட்டியில் இந்த ஆர்என்ஏவைக் குறைத்ததும் கட்டி வளர்ச்சி குறைந்தது. கட்டி தன் டிஎன்ஏவையே மாற்றி ஒன்றைப் பெருக்கிக்கொண்டது என்றால் அதை ஜிகர்தண்டா கணக்கில் சேர்க்க முடியாது.

வைகைக்கரை | 5 மே, இரவு 9.52

பிரேக், சமிக்ஞை என்று நான் எழுதுவதை டாக்டர்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள். வரட்டும்.

வைகைக்கரை | 7 மே, இரவு 11.15

‘நாகமலை மாணவி’ நாற்பது கட்டுரைகளின் பட்டியலைப் போட்டு, இவ்வளவு ஆதாரம் போதாதா அக்கா என்கிறார். கடைசி வரை ஸ்க்ரோல் செய்தேன். இதில் முக்கால்வாசி ஒரே கதை: இன்ன லிங்க் ஆர்என்ஏ இன்ன மைக்ரோ ஆர்என்ஏவை (மரபணுக்களை அடக்கும் மிகச் சின்ன ஆர்என்ஏ) ஸ்பாஞ்ச் போல உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் இன்ன மரபணு ஏறுகிறது, அதனால் செல் பெருகுகிறது, நகர்கிறது, ஊடுருவுகிறது. பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் அடுத்த கட்டுரை தயார்.

இந்த யோசனையை 2011இல் பாண்டோல்ஃபி குழு முன்வைத்தபோது அழகாகத்தான் இருந்தது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு செல்லில் ஒரு மைக்ரோ ஆர்என்ஏவுக்கு ஒட்டுவதற்கு ஆயிரக்கணக்கான இடங்கள் ஏற்கனவே இருக்கின்றன. நம் லிங்க் ஆர்என்ஏவோ பல சமயம் செல்லுக்குப் பத்து இருபது பிரதிதான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. அது எதை உறிஞ்சும்? 2014இல் கல்லீரல் செல்களில் இதை அளந்து பார்த்தவர்கள், சாதாரணமாக நடக்கும் ஏற்ற இறக்கம் இதற்குப் போதாது என்றார்கள்.

அடுத்து செல் லைன், அதாவது ஒரு கட்டியிலிருந்து எடுத்து லேபில் வருடக்கணக்கில் வளர்த்துவரும் செல்கள். உங்கள் பட்டியலில் எஸ்கேஓவி3, ஏ2780 இந்த இரண்டும் எத்தனை இடத்தில் வருகின்றன என்று பாருங்கள். வளர்ப்பது சுலபம், ஃப்ளாஸ்கில் போட்டால் காலையில் வரும்போது நிறைந்து நிற்கும். நானும் வளர்த்திருக்கிறேன். ஆனால் சினைப்பைப் புற்றுநோயில் பெண்களை அதிகம் கொல்லும் வகை ஹை கிரேடு சீரஸ். அதில் கட்டியைத் தடுக்கும் டிபி53 மரபணு ஏறக்குறைய எல்லாக் கட்டியிலும் கெட்டிருக்கும், 2011இல் 96 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஏ2780இல் அது கெடாமல் இருக்கிறது! இந்த இரண்டும் அந்த வகைக் கட்டிக்குச் சரியான மாதிரி இல்லை என்று 2013இலேயே டிஎன்ஏவை ஒப்பிட்டு எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஃப்ளாஸ்க் நிறைந்துகொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். கட்டுரையில் கொடுத்துள்ள பிரைமர் (அளக்க வேண்டிய மரபணுவைப் பிடிக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) வரிசையை எடுத்து பிளாஸ்ட் என்ற இணையத் தேடலில் ஒட்டிப் பாருங்கள். சிட்னியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஜெனிஃபர் பர்ன் தப்பான கட்டுரைகளை இப்படித்தான் பிடிக்க ஆரம்பித்தார். சொன்ன மரபணு ஒன்று, பிரைமர் பிடிப்பது வேறொன்று. சிலது எதையுமே பிடிக்காது. காசுக்குக் கட்டுரை எழுதிக்கொடுக்கும் ஆலைகள் இருக்கின்றன, இந்தத் துறை அவர்களுக்கு நல்ல மேய்ச்சல் நிலம். திரும்பப் பெறப்பட்ட லிங்க் ஆர்என்ஏ கட்டுரைகள் ஏராளம்.

வைகைக்கரை | 8 மே, காலை 7.20

நாற்பதில் எத்தனை தேறும் என்று மாணவி கேட்கிறார். அதை நீங்களே பார்த்துச் சொன்னால்தான் பட்டம் உங்களுக்கு, எனக்கில்லை.

வைகைக்கரை | 9 மே, இரவு 10.10

மாலாட்1 பற்றித் தனியாக. நோட்டீஸில் இருக்கிறது, அதைவிட முக்கியம் நான் அதோடு குடித்தனம் நடத்தியவள்.

நாங்கள் கட்டி நோயாளிகளின் ரத்தத்தையும் வயிற்று நீரையும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிற்று நீர் வைக்கோல் நிறத்தில் இருக்கும், சில சமயம் ரத்தம் கலந்து செம்மண் தண்ணீர் மாதிரி வரும். சுழற்றி, அடியில் படிந்த செல்லில், ஆர்என்ஏவைப் பிரிக்கும் ட்ரைசால் திரவத்தை ஊற்றினால் ரோஸ் நிறம். கடைசியில் ட்யூப் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதுதான் ஆர்என்ஏ. அதைக் கழுவும்போது மூச்சுவிடாமல் நிற்போம், பைப்பெட்டில் இழுபட்டுப் போய்விட்டால் அவ்வளவுதான்.

சீரத்தில் (செல் நீக்கிய ரத்த நீர்) மாலாட்1 ஒரு தொகுதியில் ஏறி நிற்கும், அடுத்ததில் இறங்கி நிற்கும். நோயாளிகளை ஸ்டேஜ் வாரியாக அடுக்கினால் ஒன்றும் பொருந்தவில்லை. ரத்தம் எடுத்த நேரத்துக்கும் சுழற்றிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து அடுக்கினோம், பொருந்திவிட்டது! மாலாட்1 செல்லின் உட்கருவில் குவிந்து கிடக்கும் ஆர்என்ஏ. கோடையில் ட்யூப் கவுன்டரில் காத்துக்கிடந்தால் வெள்ளையணுக்கள் உடையும், உள்ளே இருந்தது வெளியே வரும். நாங்கள் அளந்தது மதுரை வெயிலை.

அப்புறம் இன்னொரு தொல்லை. மாலாட்1இல் நடுவே வெட்டி எடுத்துவிட்டு ஒட்டும் பகுதி இல்லை, பெரும்பாலும் ஒரே நீளத் துண்டு; அதனால் ஆர்என்ஏவும் டிஎன்ஏவும் பிரைமருக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆர்என்ஏ மாதிரியில் கொஞ்சம் டிஎன்ஏ கலந்திருந்தாலும் பிரைமர் அதையும் பிடித்துப் பெருக்கும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் போட வேண்டும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத ஒரு கிணறும் (தட்டில் உள்ள குழி) கூடவே ஓட்ட வேண்டும். அந்தக் கிணற்றிலும் பெருக்கத்தின் 30ஆம் சுற்றில் கோடு எழும்பினால் அளந்தது கலந்திருந்த டிஎன்ஏவை, ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான். பதினான்காயிரம் வாங்குகிறவர்கள் அந்தக் கிணற்றை ஓட்டுகிறார்களா என்று ஏஜென்டிடம் கேளுங்கள். ஆர்என்ஏவா, டிஎன்ஏவா என்றே அவருக்குத் தெரியாது, பாவம் சம்பளத்துக்கு வந்தவர்.

மாலாட்1இன் குணமும் ஒரு தினுசு. 2003இல் நுரையீரல் புற்றுநோய் பரவுவதோடு சேர்த்துக் கண்டார்கள், பெயரே அதிலிருந்து வந்தது. 2012இல் அந்த மரபணுவை நீக்கிய எலிகள் ஜாம் ஜாமென்று வாழ்ந்தன. மார்பகப் புற்றுநோயில் அது பரவலைத் தூண்டுகிறது என்று ஒரு குழு, 2018இல் பரவலை அடக்குகிறது என்று இன்னொரு குழு. இதை வைத்து உங்கள் அம்மாவுக்கு என்ன சொல்வார்கள்?

வைகைக்கரை | 10 மே, இரவு 8.45

‘திருமங்கலம் அக்கா’ சிஏ 125 பற்றிக் கேட்டிருக்கிறார், அவர் தங்கைக்கு நானூறுக்கு மேல் வந்து வீடே இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறதாம். அக்கா, பயாப்ஸி வரும் வரை முடிவுக்கு வராதீர்கள். 35க்கு மேல் அதிகம் என்பார்கள். ஆனால் வயிற்றுக் காசநோயிலும் நூற்றுக்கணக்கில் போகும், எண்டோமெட்ரியோசிஸிலும் ஏறும். நம் ஊரில் வயிற்றுக் காசநோய் சகஜம், ஸ்கேனில் நீரும் தடிப்பும் அப்படியே புற்றுநோய் மாதிரியே தெரியும். துண்டு எடுத்துப் பார்த்துக் காசநோய் என்று வந்து, மாத்திரையிலேயே குணமாகி வீடு போனவர்கள் உண்டு.

மறுபக்கமும் உண்டு. முதல் ஸ்டேஜில் இருக்கும் புற்றுநோயில் பாதிப் பேருக்கு சிஏ 125 ஏறவே ஏறாது. பிரிட்டனில் 2 லட்சம் பெண்களுக்கு மேல் பல வருடம் சிஏ 125, ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது: இதனால் சாவு குறையவில்லை. அதனால்தான் புதிதாக ஏதாவது கிடைக்காதா என்று எல்லாரும் ஆர்என்ஏ பக்கம் ஓடுகிறார்கள். ஆசையில் நியாயம் இருக்கிறது.

என் சித்தி உசிலம்பட்டி. பாவாடை நாடா இறுக்குகிறது, தளர்த்திக் கட்டினாலும் தடம் பதிகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். ஒரு கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது மூன்றாம் ஸ்டேஜ். கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை. முதல் தடவை அருமையாகக் கேட்டது, முடி திரும்ப வந்து பூ வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கெல்லாம் போனார். அடுத்த தடவை அதே மருந்து கேட்கவில்லை. ஹோட்டேர் வட்டம் எனக்குப் பிடிக்கும் என்று மேலே எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயிறு உப்புசம், பசி சீக்கிரம் அடங்குவது, இடுப்பு வலி, அடிக்கடி சிறுநீர். இவை புதிதாக ஆரம்பித்து வாரக்கணக்கில் விடாமல் இருந்தால் ஸ்கேன் கேளுங்கள். டாக்டர் எழுதாவிட்டாலும் கேளுங்கள்.

வைகைக்கரை | 12 மே, இரவு 11.50

அழகர் இறங்கிவிட்டார். கோரிப்பாளையம் பக்கம் எட்டிப் பார்க்க முடியவில்லை. ஜிகர்தண்டா நிலவரம் பற்றி என்னிடம் தரவு இல்லை.

வைகைக்கரை | 14 மே, இரவு 10.25

டிஎன்ஏவில் பெருகியிருந்தால் நம்பலாம் என்று எழுதினேன் அல்லவா, அதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். பிவிடி1ஐப் பாருங்கள். 8ஆம் குரோமோசோமில் மிக் என்ற பேர்போன புற்றுநோய் மரபணுவுக்குப் பக்கத்து வீடு. சினைப்பைக் கட்டிகளில் இந்த இடம் அடிக்கடி பெருகியிருக்கும், இரண்டும் சேர்ந்தே பெருகும். அப்போது குற்றம் யாருடையது? 2014இல், பிவிடி1 ஆர்என்ஏ இல்லாவிட்டால் மிக் புரதம் நிலைக்காது என்று காட்டினார்கள். சரி, கூட்டாளி என்று முடிவு கட்டலாம். 2018இல் இன்னொரு வேலை வந்தது: பிவிடி1இன் தொடக்கப் பகுதி டிஎன்ஏ, மிக்கை ஏற்றும் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு மிக்கை அடக்குகிறது. அந்தத் தொடக்கத்தை மூடினால் மிக் ஏறுகிறது. ஆர்என்ஏ ஒரு பக்கம் தூண்டுகிறது, அது பிறக்கும் இடம் இன்னொரு பக்கம் அடக்குகிறது. ஆகவே ஆர்என்ஏவைக் குறைத்துப் பார்த்த சோதனையும், அந்த டிஎன்ஏவை வெட்டிப் பார்த்த சோதனையும் ஒன்றல்ல. ஃபால்1இல் எனக்கு நம்பிக்கை வருவது பெருகியதால் மட்டும் இல்லை. யாரைப் பிடிக்கிறது, பிடித்ததால் என்ன மாறுகிறது என்று அடுத்தடுத்த படிகளையும் காட்டினார்கள்.

ஏறுவதையே பேசிக்கொண்டிருக்கிறோம். இறங்குபவையும் உண்டு. மெக்3 சாதாரண சினைப்பையில் இருக்கும், கட்டியில் பல சமயம் டிஎன்ஏ மேல் மெத்தில் என்ற ரசாயனக் குறி விழுந்து அணைந்துவிடும். அது கட்டியைத் தடுக்கும் பக்கம். விளம்பரத்தில் இந்த மாதிரி ஆட்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

வைகைக்கரை | 16 மே, காலை 6.55

மஞ்சள் சாப்பிட்டால் ஹோட்டேர் குறையுமா என்று ஒருவர். கிண்ணத்தில் உள்ள செல் மேல் குர்குமினைக் கொட்டினால் ஏதோ ஒன்று குறையத்தான் செய்யும். வாய் வழியாகப் போனது ரத்தத்துக்கு வருவது மிகக் கொஞ்சம். ரசத்தில் போடுங்கள், ருசிக்கு.

வைகைக்கரை | 20 மே, இரவு 9.40

மேலூர் தம்பி மாதிரி ரிப்போர்ட் போட்டுவிட்டார். நன்றி. மூன்று ஆர்என்ஏ, மூன்றுக்கும் பச்சை மஞ்சள் சிவப்பு என்று பட்டை. எதோடு ஒப்பிட்டு ஏற்றம் சொல்கிறார்கள் என்றால் ஜிஏபிடிஎச் என்ற வேறொரு மரபணுவின் ஆர்என்ஏவோடு. செல்லுக்குள் அது நிலையான அளவுகோலாக ஓரளவு பயன்படும். செல் இல்லாத சீரத்தில் அதுவே ஆடும், ஆடுகிற கோலை வைத்து எதை அளப்பது? பச்சை எங்கே முடிகிறது, மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்ற எண் எத்தனை பெண்களைப் பார்த்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அடியில் பொடி எழுத்தில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று இருக்கிறது. அதைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

அந்தப் பணத்தை எங்கே செலவழிக்கலாம் என்றால், அம்மாவுக்குப் பிராகா மரபணுச் சோதனை பார்த்தாச்சா? இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்து ஆறு பேரில் ஒருவருக்குப் பிராகா 1 அல்லது 2 மரபணுவில் பழுது இருக்கும். இருந்தால் ஓலாபாரிப் போன்ற மாத்திரைக்கு வழி உண்டு. முதல் கீமோவுக்குப் பிறகு அதை எடுத்த பிராகா பெண்களில் நோய் முற்றும் அல்லது இறக்கும் அபாயம் 70 சதவீதம் குறைந்தது என்று 2018இல் வந்தது. தங்கைக்குத் தெரிய வேண்டியதும் இதன் வழியாகத்தான் தெரியும்: அம்மாவுக்கு முதலில், அதில் பழுது கண்டால் மட்டும் தங்கைக்கு அதே இடத்தில். அம்மாவுக்குப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். பாலரெங்காபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறீர்கள் என்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள். சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வைகை எக்ஸ்பிரஸ் பிடித்துப் போகிறவர்கள் நிறைய, அங்கேயும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

வைகைக்கரை | 2 ஜூன், இரவு 10.05

‘உலகத்தில் எங்கேயாவது லிங்க் ஆர்என்ஏ சோதனைக்கு அனுமதி உண்டா’ என்ற கேள்வி விடுபட்டுப்போனது. உண்டு. பிசிஏ3. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு, சிறுநீரில் பார்ப்பது, 2012இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். அதுவும் ஒரு முறை பயாப்ஸியில் ஒன்றும் தெரியாதவருக்கு மறுபடி குத்த வேண்டுமா என்று தீர்மானிக்கத்தான்.

மருந்தாக? எச்19 பெரும்பாலும் கட்டியில்தான் விழித்திருக்கும் என்பதை வைத்து இஸ்ரேலில் ஒரு வேலை செய்தார்கள். எச்19இன் சுவிட்சை டிப்தீரியா நஞ்சின் மரபணுவுக்கு முன்னால் பொருத்தி, வயிற்றுக்குள் செலுத்தினார்கள். எச்19 விழித்திருக்கும் செல் மட்டும் தன் நஞ்சைத் தானே செய்து சாகும். சினைப்பைப் புற்றுநோயில் ஆரம்பகட்டச் சோதனை வரை போனது. மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆனால் எச்19 நோயை உண்டாக்குகிறதா இல்லையா என்று தீர்க்காமலே அதைப் பயன்படுத்திக்கொண்ட சாமர்த்தியம் இருக்கிறதே!

நாகமலை மாணவிக்கு: தீசிஸுக்கு எதை எடுக்கலாம் என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள், பலருக்கும் உதவும் என்று இங்கேயே போடுகிறேன். டிஎன்ஏவில் பெருகிய அல்லது அறுந்த இடத்தில் உள்ள ஒன்றை எடுங்கள். ஏ2780ஐ விட்டுவிடுங்கள், வயிற்று நீரிலிருந்து எடுத்த செல் கிடைக்குமா பாருங்கள், பேத்தாலஜி டாக்டரிடம் எந்த வகைக் கட்டி என்று எழுதி வாங்குங்கள். செல்லுக்கு எத்தனை பிரதி என்று முதல் மாதமே எண்ணுங்கள். இரண்டு மூன்றுதான் என்றால் ஸ்பாஞ்ச் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். உங்கள் கைடு இதற்கெல்லாம் கிட் வாங்கக் காசில்லை என்பார். அப்போது என் பேரை இழுக்க வேண்டாம், அவருக்கும் எனக்கும் ஏற்கனவே பேச்சுவார்த்தை இல்லை.